அதிர்வின் இரு முகங்களைக் கண்ட சர் சி. வி. இராமன்

குன்னத்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இயந்திர ஓசை புதிதன்று. விசைத்தறியின் தடதடப்பு, பனியன் துணி பின்னும் வட்ட இயந்திரத்தின் இரைச்சல், நூற்பாலையின் ஓயாத ரீங்காரம் ஆகியவற்றின் நடுவே நாம் வளர்கிறோம். நம்மில் பலருடைய தாய் தந்தையர் அவ்வோசையின் நடுவே நின்றுதான் நம் படிப்புக்கான பணத்தை ஈட்டுகின்றனர். ஆலையில் அனுபவம் மிக்க பிட்டர் ஒருவர், நீண்ட திருப்புளியின் நுனியை மோட்டாரின் பேரிங் மீது வைத்து, அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக் கேட்பதை நம்மில் சிலர் பார்த்திருக்கக்கூடும். சிறிது நேரம் கேட்டபின், பேரிங் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

அவருடைய காது கேட்டது என்ன? ஓர் அதிர்வுக்குள் எத்தனை செய்திகள் மறைந்துள்ளன? அவற்றை வெளிக்கொணரும் வழி யாது? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டால், நம் தமிழகத்தில் பிறந்த ஒரு மேதையின் வாழ்வில் சென்று நிற்கிறோம். அவர்தாம் சர் சந்திரசேகர வேங்கட இராமன். அவர் ஆலை இயந்திரங்களை ஆராய்ந்தவர் அல்லர். வயலினையும் மிருதங்கத்தையும், பின்னர் ஒளியையும் ஆராய்ந்தவர். ஆயினும் அவர் கையாண்ட முறைகளும் இன்று ஆலைகளில் இயந்திரங்களின் நோயைக் கண்டறியும் முறைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனை அவருடைய வாழ்க்கை வழியாகவே அறிந்துகொள்ள முயல்வோம்.

இளமையும் கல்வியும்

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியர். வயலின் வாசிப்பதிலும் வல்லவர். இராமன் குழந்தையாய் இருந்தபோதே அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைக்கவே, குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் புத்தகங்களும் இருந்தன, வயலினும் இருந்தது. பிற்காலத்தில் அச்சிறுவனின் உள்ளத்தை ஆட்கொண்ட இரண்டும் அவ்வீட்டிலேயே அவனுக்குக் காத்திருந்தன எனலாம்.

விசாகப்பட்டினத்தில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய புனித அலோசியஸ் பள்ளியில் இராமன் பயின்றார் என்பது நம் போன்ற பள்ளிகளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பதினொரு வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-இல் பி.ஏ. தேர்வில் முதலிடமும் பதக்கங்களும் பெற்றார். மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லலாம் என்று பலரும் விரும்பினர். ஆனால் அவருடைய மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆகவே சென்னையிலேயே எம்.ஏ. படித்தார். அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1906-இல் இலண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு.

அக்காலத்தில் அவர் விரும்பிப் படித்த நூல்களுள் ஒன்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலியைப் பற்றி எழுதியது. நாம் ஒரே ஒலியாகக் கேட்கும் சுரம் உண்மையில் பல சுரங்களின் கூட்டம் என்பதை அந்நூல் விளக்கியது. தந்தையின் வயலினைக் கேட்டு வளர்ந்த இளைஞரின் மனத்தில் அந்நூல் ஆழப் பதிந்தது.

கணக்கு அலுவலகமும் ஆராய்ச்சிக் கூடமும்

அந்நாளில் விஞ்ஞானத்தை நம்பி வாழ்க்கை நடத்த இந்தியருக்கு வழியில்லை. எனவே இராமன் அரசாங்க நிதித்துறைத் தேர்வை எழுதி முதலிடம் பெற்றார். 1907-இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையார் வீணை வாசிப்பதில் தேர்ந்தவர். அவ்வாண்டே இருவரும் கல்கத்தா சென்றனர். இராமன் அங்கு உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்றார்.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. கழகத்தில் கூடமும் கருவிகளும் இருந்தன. ஆனால் அவற்றைப் பயன்படுத்த ஆளில்லை. அன்று தொடங்கி விடியற்காலையில் கழகம், பகலில் அலுவலகம், மாலை முதல் இரவு வரை மீண்டும் கழகம் என்பதே அவர் வாழ்க்கையாயிற்று. இடையில் இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிச் சென்றும் இந்த ஆர்வம் தணியவில்லை. 1911-இல் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார்.

வயலின் நரம்பு எழுதிய கோடு

இராமன் முதலில் எடுத்துக்கொண்ட பெரிய கேள்வி, வில்லால் வாசிக்கும்போது வயலின் நரம்பு எவ்வாறு அசைகிறது என்பது. நரம்பு ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான முறை அதிர்வதால் நம் கண்ணுக்கு ஒரு மங்கலான பட்டையாகவே அது தெரியும். இராமன் என்ன செய்தார்? ஒரு குறுகிய பிளவின் வழியே ஒளியைச் செலுத்தி, நரம்பின் ஒரு புள்ளியின் நிழல் மட்டும் புகைப்படத் தகட்டில் விழும்படி செய்தார். தகட்டைச் சீராக நகர்த்தினார். நரம்பு மேலும் கீழும் அசைய, தகடு பக்கவாட்டில் நகர, நரம்பின் அசைவு ஒரு கோடாகத் தகட்டில் பதிந்தது. மருத்துவமனையில் இருதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைவதை நாம் அறிவோம். இதுவும் அத்தகையதே. எந்தக் கணத்தில் எவ்வளவு அசைவு என்பதைக் காட்டும் இக்கோட்டுக்குக் கால அலைவடிவம் என்று பெயர்.

அந்தக் கோடு அழகிய வளைவாக இல்லை. வாள்பல் போன்று சாய்ந்த நேர்கோடுகளாக இருந்தது. காரணம் இதுதான்: குங்கிலியம் பூசிய வில் நரம்பைப் பற்றி இழுத்துச் செல்கிறது, ஓர் எல்லை வந்ததும் நரம்பு நழுவிப் பின்னுக்குத் தாவுகிறது, மீண்டும் வில் அதைப் பற்றுகிறது. பற்றுதலும் நழுவுதலும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழ்கின்றன. ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்பே கண்டிருந்த இவ்வசைவை இராமன் பல வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கணக்கிட்டு, புகைப்படம் எடுத்துச் சரிபார்த்தார். 1918-இல் கழகத்தின் வெளியீடாக அந்நீண்ட ஆய்வு வெளிவந்தது. மனிதக் கை ஒரே சீராக வில் போடாது என்பதால், வயலினை வாசிக்க ஓர் இயந்திரத்தையே அவர் அமைத்தார். வில்லைக் குதிரைக்கு அருகே கொண்டு செல்லச் செல்ல, சுரம் கெடாமலிருக்க அழுத்தத்தை மிகுதிப்படுத்த வேண்டும் என்பதை அதைக்கொண்டு அளந்து காட்டினார்.

மிருதங்கத்தின் மேற்சுரங்கள்

அதிர்வைப் பார்ப்பதற்கு மற்றொரு வழியும் உண்டு. நம் பள்ளிப் பாடகர் குழு பாடும்போது எல்லாக் குரல்களும் ஒன்றாகக் கலந்தே காதில் விழுகின்றன. ஆயினும் கூர்ந்து கேட்கும் ஆசிரியை, உச்சக் குரல் எத்தனை பலம், தாழ்ந்த குரல் எத்தனை பலம் என்று பிரித்துச் சொல்லிவிடுவார். அவ்வாறே எந்த அதிர்வையும் அதில் அடங்கிய தனித்தனிச் சுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது, எவ்வளவு பலம் உடையது என்று பட்டியல் இடலாம். இதுவே அதிர்வெண் நிறமாலை. எந்த அலைவடிவத்தையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்னும் கணித உண்மையை வளர்த்தவர் பிரெஞ்சு நாட்டு ஃபூரியே. வெப்பத்தைப் பற்றி 1822-இல் அவர் வெளியிட்ட நூல் இதனை உலகுக்கு அறிவித்தது.

இராமன் இவ்வழியை நம் மிருதங்கத்தில் கையாண்டார். சாதாரணமாக வட்டமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. அடிப்படைச் சுரத்தை 1 என்று கொண்டால் அடுத்தவை ஏறக்குறைய 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்றுச் செல்லும். அதனால்தான் பல முரசுகள் இரைச்சலாகவே ஒலிக்கின்றன. மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவில் கருமையான சாதம் பூசப்பட்டிருக்கிறது. அப்பூச்சினால் தோலின் நடுப்பகுதி கனமாகி, சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்று இசைவான வரிசையில் வந்து நிற்கின்றன. இதனை இராமன் 1920-இல் தம் மாணவர் சிவகாளி குமாருடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தார். 1930-களில் மேலும் விரிவாக எழுதினார். தோலின் மீது மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அசையாத இடங்களில் மணல் கோடுகளாகக் குவியும். அக்கோடுகளைக்கொண்டு, தோல் அதிரும் ஒன்பது வகைகளும் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுவதை அவர் காட்டினார். பெயர் தெரியாத நம் முன்னோர் கைப்பழக்கத்தால் கண்ட நுட்பத்துக்கு விஞ்ஞானம் செலுத்திய மரியாதை அது.

எது சிறந்தது?

இங்கே மாணவியருக்கு ஒரு கேள்வி எழலாம். அலைவடிவம், நிறமாலை ஆகிய இரண்டில் எது சிறந்தது? இதற்கு நம் ஊர் ஆலையிலேயே விடை காண்போம்.

நிமிடத்துக்கு 1440 சுற்றுகள் சுழலும் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 24 சுற்றுகள். அதனோடு சேர்ந்து சுழலும் பகுதியின் எடை ஒரு பக்கம் மிகுந்துவிட்டால், சுற்றுக்கு ஒரு முறை அது இயந்திரத்தைத் தள்ளும். நிறமாலையில் 24 என்ற இடத்தில் ஓர் உயர்ந்த கோடு எழும்பி நிற்கும். இரண்டு தண்டுகள் நேராக இணையாவிட்டால் பெரும்பாலும் 48-லும் ஒரு கோடு உயரும். குற்றவாளி யார் என்பதைப் பள்ளி வருகைப் பதிவேட்டைப் போல நிறமாலை பெயர் சொல்லிக் காட்டிவிடுகிறது. பல ஓசைகள் கலந்த அலைவடிவத்தைப் பார்த்து இதனைச் சொல்வது கடினம்.

இப்போது அதே தண்டில் 40 பற்களையுடைய பற்சக்கரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பற்கள் விநாடிக்கு 960 முறை பொருந்தும். அவற்றுள் ஒரு பல் மட்டும் வெடித்துவிட்டால், சுற்றுக்கு ஒரே ஒரு முறை ஓர் அடி விழும். நிறமாலையில் அந்த அடியின் வலிமை ஒரே கோட்டில் நில்லாமல், 960-க்கு இருபுறமும் 24, 24 இடைவெளியில் பல சிறு கோடுகளாகச் சிதறிவிடும். பழக்கமில்லாதவர் அதனைக் கவனியாமலே விடக்கூடும். அலைவடிவத்திலோ விநாடியின் 24-இல் ஒரு பங்குக்கு ஒரு முறை கூர்மையான முள் எழும்பி நின்று, இதோ இந்த இடத்தில் அடி விழுகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

இன்னும் ஒன்று. ஒரே ஒரு கைத்தட்டலையும், குழாயில் நீர் இடைவிடாமல் சீறும் ஓசையையும் நிறமாலையில் பார்த்தால் இரண்டும் எல்லா அதிர்வெண்களிலும் பரந்தே தெரியும். பலத்தை மட்டும் பட்டியலிடும் நிறமாலை, அது எந்தக் கணத்தில் நிகழ்ந்தது என்பதைக் கூறாது. அலைவடிவத்தைப் பார்த்தால் ஒரு குழந்தையும் வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

மறுபுறம், அருகருகே நிற்கும் இரு மோட்டார்களில் ஒன்று விநாடிக்கு 24 சுற்றும் மற்றொன்று 24.5 சுற்றும் சுழன்றால், ஓசை இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஓங்கி ஓங்கி அடங்கும். அலைவடிவத்தில் அந்த ஏற்ற இறக்கம் தெரியும். ஆனால் அதன் காரணம் இரு மோட்டார்கள் என்று சொல்வது நிறமாலைதான். அதுவும் குறைந்தது இரண்டு விநாடியேனும் பொறுமையாகப் பதிவு செய்தால்தான் இரு கோடுகளும் பிரிந்து தெரியும். அவசரக்காரருக்கு அவை ஒரே கோடாகத்தான் தோன்றும்.

ஆகவே இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. நிறமாலை யார் என்று சொல்கிறது. அலைவடிவம் எப்போது, எவ்வாறு என்று சொல்கிறது. இராமன் இதனை நன்கு உணர்ந்திருந்தார். செல்லோ என்னும் பெரிய இசைக்கருவியில் ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசித்தால் மட்டும் ஒலி நடுங்கி உறுமும். ஐரோப்பியர் அதனை ஓநாய்ச் சுரம் என்பர். நரம்பின் சுரமும் கருவியின் உடல் இயல்பாக அதிரும் சுரமும் ஒன்றாகிவிடுவதே அதற்குக் காரணம். அங்குதான் ஓநாய் எழும் என்பதை அதிர்வெண்ணைக்கொண்டு அறியலாம். ஆனால் அது ஏன் நடுங்குகிறது? நரம்பின் அசைவையும் உடலின் அசைவையும் ஒரே நேரத்தில் புகைப்படம் எடுத்து இராமன் பார்த்தார். உடலின் அதிர்வு பெருகிப் பெருகி ஓர் எல்லையை எட்டும்போது, நரம்பை முழுதாகப் பற்றி நடத்த வில்லின் அழுத்தம் போதாமற் போகிறது. நரம்பு மேல் சுரத்துக்குத் தாவுகிறது. உடலின் அதிர்வு அடங்குகிறது. நரம்பு திரும்பி வருகிறது. இவ்வாறு மாறி மாறி நிகழ்வதே அந்த உறுமல். 1916-இல் அவர் வெளியிட்ட இவ்விளக்கம் இரு வகைப் பார்வையும் கூடிய ஒன்று. ஆலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இயந்திரம் தரையோடு சேர்ந்து நடுங்குவதும் இத்தகைய ஒத்ததிர்வினால்தான்.

ஒளியின் நிறமாலை

1917-இல் இராமன் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்தார். ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1921-இல் கப்பலில் ஐரோப்பா சென்று திரும்புகையில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. அந்நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமன்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் நிறுவினார். அன்று முதல் ஒளிச் சிதறலே அவருடைய தவமாயிற்று.

ஒளியும் ஓர் அதிர்வே. ஆனால் அது விநாடிக்குக் கோடி கோடி முறைக்கும் மேற்பட்டு அதிர்வது. வயலின் நரம்பைப் போல அதன் அலைவடிவத்தைத் தகட்டில் எழுத அன்று வழியில்லை. எனவே இங்கு நிறமாலை ஒன்றே துணை. பாதரச விளக்கின் ஒளியைத் திரவங்களின் ஊடே செலுத்திச் சிதறிய ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, விளக்கில் இல்லாத புதிய கோடுகள் தோன்றின. பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் உள்ள இடைவெளி, அத்திரவத்தின் மூலக்கூறு தானே அதிரும் அதிர்வெண் என்பது தெளிவாயிற்று. தமிழகத்தின் மற்றொரு மைந்தரான கே. எஸ். கிருஷ்ணன் இவ்வாராய்ச்சியில் அவருக்கு உறுதுணையாக இருந்தார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கண்ட இவ்வுண்மைக்கே இராமன் விளைவு என்று பெயர். நரம்பிலும் தோலிலும் மேற்சுரங்களைத் தேடிப் பழகியவர், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் சுரத்தையும் கண்டுகொண்டார்! 1930-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆசியாவில் விஞ்ஞானத்துக்காக அப்பரிசு பெற்ற முதல்வர் அவரே. துணியின் இழையில் ஏறியுள்ள சாயம் எது என்று கண்டறியவும் இன்று இராமன் விளைவு பயன்படுகிறது என்பது சாயத்தோடு வாழும் நம் வட்டாரம் அறிய வேண்டிய செய்தி.

பட்டியலில் காணாத ஒரு கணம்

1954-இல் பாரத ரத்னா உட்பட இராமன் பெற்ற பட்டங்களும் பதக்கங்களும் பல. அவற்றை வரிசையாக எழுதினால் உயர்ந்த கோடுகள் நிறைந்த நிறமாலையைப் போலவே காட்சி தரும். ஆனால் ஒருவருடைய வாழ்வையும் பட்டியலாக மட்டும் பார்த்தல் போதாது. காலத்தின் வரிசையிலும் பார்த்தல் வேண்டும். அப்போது ஒரு முள் தென்படுகிறது. பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் அதனை மறைத்தல் நேர்மை ஆகாது.

1933-இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். அவ்வாண்டே பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதன்மையாகத் தேறிய கமலா பாக்வத் என்னும் இளம்பெண் அங்குச் சேர விண்ணப்பித்தார். பெண் என்ற ஒரே காரணத்தால் இராமன் மறுத்துவிட்டார். கமலா அழுதுகொண்டு திரும்பிவிடவில்லை. நேரில் சென்று, அனுமதி தராமல் நகரமாட்டேன் என்று உறுதியோடு நின்றார். கடைசியில் ஓராண்டுக் காலம் சோதனை முறையில் என்னும் நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அவமானமாகத் தோன்றிய அந்நிபந்தனையை ஏற்று அவர் உழைத்தார். ஓராண்டுக்குப் பின் அவருடைய உழைப்பைக் கண்ட இராமன் அவரை முறையான மாணவியாக ஏற்றுக்கொண்டார்; பிற பெண்களுக்கும் அதன்பின் கதவு திறந்தது. கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். மணமானபின் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர், விஞ்ஞானத்தில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாகப் போற்றப்படுகிறார்.

அத்திறந்த கதவின் வழியே 1940-இல் இராமனின் ஆய்வகத்துக்கு வந்தவர் அன்னா மணி. கேரளத்தைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர். வைரத்தின் நிறமாலையை ஆராய்வது அவருக்குக் கிடைத்த பணி. ஒரு தகட்டில் கோடுகள் பதிய 15 முதல் 20 மணி நேரம் வரை ஒளி விழ வேண்டும். இரவெல்லாம் விழித்திருந்து ஐந்து கட்டுரைகளை அவர் வெளியிட்டார். எனினும் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் காட்டி அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் அதற்காக மனம் தளரவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, நம் நாட்டிலேயே அக்கருவிகளைச் செய்ய வழிகாட்டினார்.

இராமனைக் குறைத்துக் கூறுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. நரம்பின் மிக நுண்ணிய அசைவையும் காணத் தவறாத கண், ஒரு பெண்ணின் திறமையை முதலில் காணத் தவறியது. பின்னர் சான்று முன்னே வந்தபோது அது தன்னைத் திருத்திக்கொண்டது. கண்ட உண்மைக்கு இணங்கிக் கருத்தை மாற்றிக்கொள்வதும் விஞ்ஞானியின் கடமையே. ஆனால் அச்சான்றைத் தேடித் தரும் சுமை முழுவதும் ஓர் இளம்பெண்ணின் தோளில் விழுந்ததே என்பதையும் நாம் மறவாதிருப்போம்.

இறுதி நாட்கள்

1948-இல் இராமன் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தைப் பெங்களூரில் தொடங்கினார். மலர்களின் நிறம், மணிக்கற்கள், கண்ணின் பார்வை என்று முதுமையிலும் அவர் ஆராய்ச்சி ஓயவில்லை. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தமது 82-ஆம் வயதில் மறைந்தார். அவர் உடல் அந்நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு மரம் நடப்பட்டது. அவர் கண்ட விளைவின் நினைவாக 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அன்று புகைப்படத் தகட்டில் பாடுபட்டு எழுதிய கோட்டை இன்று ஒரு சிறு உணர்கருவி நொடியில் வரைந்துவிடுகிறது. 1965-இல் அமெரிக்காவில் கூலி, டூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவுக் கணக்கு முறையால், கணிப்பொறி அக்கோட்டைக் கணத்தில் நிறமாலையாகவும் மாற்றிவிடுகிறது. நம் வீட்டுக் கைப்பேசியிலேயே இரண்டையும் பார்க்கலாம். ஆயினும் கருவி கோட்டை வரையும். அதன் பொருளைப் படிக்க வேண்டியவர் நாமே. திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்கும் பிட்டரின் செவி, சுற்றுக்கு ஒரு முறை விழும் டிக் என்னும் அடியையும் கேட்கிறது. பேரிங்கின் கீச்சொலியையும் பிரித்தறிகிறது. இரு பார்வையும் அவரிடம் பழக்கமாக உள்ளன. அவருடைய மகள் அதனைப் பாடமாகவும் கற்றால் எத்துணை நன்று!

அன்பு மாணவியரே! தையல் இயந்திரம் ஓடும்போதும் மிருதங்கம் ஒலிக்கும்போதும் ஒரு கணம் நின்று கேளுங்கள். இதில் எந்தெந்தச் சுரங்கள் உள்ளன என்று கேளுங்கள்; எந்தக் கணத்தில் என்ன நிகழ்கிறது என்றும் கேளுங்கள். பெற்றோர்களே! பெண்ணுக்கு இயந்திரப் படிப்பு எதற்கு என்ற சொல் நம் இல்லங்களில் இனி எழாதிருக்கட்டும். நம் வட்டாரத்தின் தறிகளும் ஆலைகளும் ஒவ்வொரு நாளும் தங்கள் நலத்தையும் நோயையும் ஓசையால் உரைத்துக்கொண்டே இருக்கின்றன. அதனைக் கேட்டறியும் கூர்மையை இராமனிடமும், கதவு மூடியபோது நின்று தட்டும் உறுதியைக் கமலாவிடமும், கதவு திறந்தபின் இரவெல்லாம் உழைக்கும் பொறுமையை அன்னா மணியிடமும் கற்று, நாமும் நாட்டுக்குப் பயன்பட வாழ்வோமாக.